‘தி இங்கிலீஷ் டீச்சர்’ படிக்காத இங்கிலீஷ் டீச்சர்

போன மாதம் ஒரு சாயங்காலம். மீன்சுருட்டி கடைவீதியில் மாத்திரை வாங்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கும்பகோணம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நேராக என்னிடம் வந்து, "வணக்கம் சார், என்னைத் தெரியுதுங்களா?" என்றார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. ரிட்டயர்டு வாத்தியாருக்கு இதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. நான் விழிப்பதைப் பார்த்து அவரே உதவிக்கு வந்தார். "88-ல பத்தாவது சார். கடைசி பெஞ்சு. இங்கிலீஷ்ல நான் பாஸானதே உங்களாலதான்."

பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க நடத்துனது ஒண்ணுகூட மறக்கல சார், சொல்லட்டுங்களா?" என்றவர், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கையைக் கட்டிக்கொண்டு டீக்கடை வாசலில் நின்று ஒப்பிக்க ஆரம்பித்தார். "ஆர்.கே. நாராயண். பிறப்பு 1906, சென்னை. முதல் நாவல் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’, 1935. மனைவி பெயர் ராஜம். 1939-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ 1945. ‘தி கைடு’ நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது, 1960."

ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை. டீ மாஸ்டர் என்னை மரியாதையோடு பார்த்தார். "அந்தக் காலத்து வாத்தியாருன்னா வாத்தியாருதான்" என்றார் பக்கத்திலிருந்த ஒருவர். எனக்கு டீ இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. படித்துவிட்டுச் சக ஆசிரியர்கள் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். கோபித்துக்கொள்ளட்டும். முதல் குற்றவாளி நானே என்பதால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

அந்த வருஷம் அடைமழைக் காலத்தில் அந்தப் பையனுடைய அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு அவன் வகுப்புக்கு வந்தான். நான்-டீடெயில் புத்தகத்தில் நாராயணின் கதை ஒன்று இருந்தது. கதைக்குப் போவதற்கு முன் வழக்கம்போல ஆசிரியர் குறிப்பை நோட்டில் எழுதச் சொன்னேன். "அவருடைய மனைவி ராஜம் 1939-ல் டைபாய்டில் இறந்தார். டைபாய்டு, அடிக்கோடு போடுங்கடா" என்றேன். கடைசி பெஞ்சில் அவன் ஸ்கேலை வைத்து நேராக அடிக்கோடு போட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோடு கோணாமல் இருந்ததில் எனக்குத் திருப்திகூட.

‘தி இங்கிலீஷ் டீச்சர்’ அந்தப் பள்ளியின் நூலக பீரோவில் இருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தை நான் ஒரு நாளும் எடுத்துப் பிரித்ததில்லை. முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு, அந்தப் பெயருள்ள நாவலைப் படிக்காமலேயே மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். படித்தது ரிட்டயர்டு ஆன மறு வருஷம்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மால்குடியில் கிருஷ்ணன் என்று ஒரு கல்லூரி ஆசிரியர். மனைவி சுசீலா, சின்னப் பெண் லீலா. வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு பார்க்கப் போகிறார்கள். போன இடத்தில் சுசீலா அசுத்தமான கழிப்பறை ஒன்றில் மாட்டிக்கொள்கிறாள். கதவு திறக்கவில்லை. அதன் பிறகு காய்ச்சல், டைபாய்டு. நாள் கணக்காகப் பத்தியம், கஞ்சி, டாக்டரின் நம்பிக்கை வார்த்தை. கடைசியில் போய்விடுகிறாள். பாதிப் புத்தகத்துக்கு மேல், அம்மா இல்லாத பிள்ளையை ஒரு அப்பா எப்படி வளர்த்தார், அம்மா எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சொன்னார் என்பதுதான். தன் மனைவி இறந்து, மகள் ஹேமாவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்த நாராயண், தன் துக்கத்தைத்தான் அதில் எழுதினார்.

அந்தப் பையனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இந்தக் கதையை. இங்கிலீஷில் படிக்க முடியாவிட்டால் என்ன, மரத்தடியில் உட்காரவைத்துத் தமிழில் சொல்லியிருக்கலாம். ‘உனக்கு நடந்தது இன்னொருத்தருக்கும் நடந்திருக்குடா, அவர் அதிலிருந்து எழுந்து வந்து எழுதியும் வச்சிருக்கார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கொடுத்தது ஒரு வருஷமும் ஒரு வியாதியின் பெயரும். அதை அவன் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்து, நன்றியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம். கங்கைகொண்ட சோழபுரம் நமக்குக் கூப்பிடு தூரம். விடுமுறை நாளில் வேன் வேனாக வருகிறார்கள். வாசலில் இருக்கிற பலகையைப் படிக்கிறார்கள். முதலாம் இராசேந்திரன், பதினோராம் நூற்றாண்டு, யுனெஸ்கோ. நந்தி முன்னால் ஒரு படம், புல்தரையில் ஒரு படம், வேன் கிளம்பிவிடும். வடக்கு வாசல் பக்கம் போய், சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே தலையில் மாலையைச் சுற்றிவிடும் அந்தச் சிற்பத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றவர்கள் எத்தனை பேர்? பலகையைப் படித்ததையே கோயில் பார்த்ததாக எண்ணிக்கொள்கிறோம். ஆங்கில எழுத்தாளர்களை நாம் பள்ளியில் பார்த்ததும் இப்படித்தான். எல்லோரையும் பலகையோடு பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பலகையாவது சரியாக இருந்ததா என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் எப்போது பிறந்தார்? 1564 ஏப்ரல் 23. நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டில் இருப்பது பிறந்த நாள் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற நாள், ஏப்ரல் 26. இரண்டு மூன்று நாள் முன்னே பிறந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். அவர் இறந்ததும் ஒரு ஏப்ரல் 23 என்பதால் இந்தத் தேதி எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஏதோ ஒரு புத்தகத்தில் பார்த்து 26 என்று எழுதிய மாணவன் ஒருவனுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஊகத்தை எழுதியவனுக்கு முழு மதிப்பெண், பதிவேட்டில் உள்ளதை எழுதியவனுக்குச் சிவப்பு மை!

ஜி.யு. போப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களில் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானவர். தஞ்சாவூரிலும் இருந்தவர். மேடைக்கு மேடை அவரைப் பற்றி நாம் கேட்பது எது? தன் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் சொன்னார் என்பது. கேட்டுக் கண்கலங்கிக் கைதட்டுகிறோம். நானும் ஆண்டுவிழாவில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆக்ஸ்போர்டில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. அந்தக் கல்லில் அந்த வாசகம் இல்லை. தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் இருக்கிறது. அதுவே பெருமைதான், கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இல்லாத வாசகத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, 1886-ல் அவர் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பைத் திறந்து, நமக்குப் பிடித்த ஒரு குறளை அவர் எப்படி ஆங்கிலமாக்கினார் என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1900-ல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது அவருக்கு வயது 80. அந்த உழைப்புக்கு நாம் செய்த மரியாதை, அவருடைய கல்லறையைப் பற்றி ஒரு கதை சொல்வது.

எழுத்தாளரின் வாழ்க்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தோடு சேர்த்துச் சொன்னால் வாழ்க்கைக்கு உயிர் உண்டு. டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, 1824-ல், கடன் கட்ட முடியாத அப்பாவை மார்ஷல்சீ சிறையில் போட்டார்கள். பையனை லண்டனில் ஒரு பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை. பெரிய எழுத்தாளராகி ஊரே கொண்டாடிய பிறகும் அந்த அவமானத்தை அவர் வெளியில் சொல்லவில்லை. நண்பர் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொன்னார். டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் டேவிட் காப்பர்ஃபீல்டு என்கிற பையனைப் பாட்டில் கழுவும் கிடங்கு வேலைக்கு அனுப்பி, அந்த வலியை நாவலில் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா? முந்திரிக்கொட்டை உடைத்து, அந்த எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போன பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொள்வார்கள். அவர்களிடம் நான் சொன்னது, ‘டிக்கன்ஸ், பிறப்பு 1812, இறப்பு 1870’. மறைத்த கைகளை அவர்கள் வெளியே எடுத்திருக்கக்கூடிய ஒரு பாடத்தை, பிறப்பு இறப்புப் பதிவேடாக மாற்றி நடத்தினேன்.

ஏன் இப்படி நடத்தினோம்? பாடத்திட்டத்தைக் குறை சொல்வோம், மேலிடத்தைக் குறை சொல்வோம். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். வருஷத்தைக் கேட்டால் திருத்துவது சுலபம். 1935 என்று இருந்தால் சரி, 1936 என்று இருந்தால் தப்பு. ஒரு ராத்திரியில் நூறு பேப்பர் திருத்திவிடலாம். ‘சுவாமிநாதனுக்குப் பள்ளிக்கூடம் ஏன் பிடிக்கவில்லை, உனக்குப் பிடிக்கிறதா’ என்று கேட்டால் நூறு பேப்பரிலும் நூறு விதமாக இருக்கும். உட்கார்ந்து படிக்க வேண்டும். அதோடு, நாமும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். நம் வசதிக்காகப் பிள்ளைகளைப் பலகையோடு நிறுத்தினோம்.

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். நானே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சொன்னவைதான்.

முதல் பதில்: ஏழைப் பிள்ளைகள் சார், முதலில் பாஸாகட்டும், ரசனையெல்லாம் அப்புறம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாராயணையே பாருங்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் பெயிலானது ஆங்கிலத்தில்! பாடப் புத்தகத்தை விட்டுவிட்டுப் பிடித்த நாவல்களைப் படித்துக்கொண்டிருந்த பையன். பி.ஏ. முடித்தபோது வருஷம் 1930. வாத்தியார் வேலைக்குப் போய், ஒத்துவராமல் சில நாளிலேயே திரும்பியும் வந்துவிட்டார். ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ கையெழுத்துப் பிரதியை லண்டனில் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று அங்கிருந்த நண்பருக்கு எழுதிவிட்டார். அந்த நண்பர் அதை கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் வாத்தியாரைப் போல ‘எந்த ஊர், என்ன படிப்பு, என்ன மார்க்’ என்று பார்த்தாரா? பக்கங்களைப் பிரித்துப் படித்தார். படித்ததால் பிடித்துப்போய்ப் பதிப்பகமும் பார்த்துக் கொடுத்தார். அவர்கள் இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டதே இருபது வருஷம் கழித்து, 1956-ல்தான். ஆளைப் பார்க்காமல் எழுத்தைப் படித்தவர் ஒருவர் இருந்ததால் நமக்கு நாராயண் கிடைத்தார். நாமோ எழுத்தைப் படிக்காமல் ஆளின் விவரத்தை மட்டும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பதில்: கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது. வராதுதான். புத்தகத்தைக் காட்டாமல் வருஷத்தை மட்டும் காட்டினால் எப்படி வரும்? நாராயணின் ஆங்கிலம் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆங்கிலம். சின்ன வாக்கியங்கள். அகராதி தேவைப்படாத பக்கங்கள் எத்தனையோ. வாய்விட்டு ஒரு பக்கம் படித்து, தமிழில் சொல்லி, மறுபடி ஒரு தடவை படித்தால் கடைசி பெஞ்சுக்கும் எட்டும்.

மூன்றாவது பதில்: இதெல்லாம் வெள்ளைக்காரன் ஏற்படுத்திய கல்வியின் கோளாறு. அவன் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு அவன் தலையில் போடுவது? இந்தக் கோளாறை நாராயணே அந்த நாவலில் எழுதிக் காட்டிவிட்டார். கிருஷ்ணன் கடைசியில் நூறு ரூபாய்ச் சம்பளத்தை விட்டுவிட்டு, இருபத்தைந்து ரூபாய்க்குக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் சேர்கிறார். ராஜினாமாக் கடிதத்தில் இந்தக் கல்வி முறையைக் கிழிகிழி என்று கிழிக்க நினைத்து எழுதுகிறார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மரியாதையாக நாலு வரி எழுதிக் கொடுக்கிறார். அவருக்கு ஷேக்ஸ்பியர்மீது கோபமில்லை. தேர்வும் நோட்ஸும் வந்து ஷேக்ஸ்பியரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதில்தான் கோபம். 1945-ல் வந்த புத்தகம். அதன் பெயரையும் வருஷத்தையும் போர்டில் எழுதிப்போட்டு, அது கண்டித்த அதே காரியத்தை நான் வருஷா வருஷம் செய்திருக்கிறேன்.

வயதான பிறகும் நாராயண் இதை விடவில்லை. 1986-லிருந்து 1992 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார். எழுத்தாளர் என்ன பேசப்போகிறார் என்று பார்த்தால், பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் யஷ்பால் குழு வந்தது, 1993-ல் அறிக்கையும் கொடுத்தது. மூட்டை இன்னும் இறங்கவில்லை.

இப்போது டீக்கடைக்கு வருகிறேன். ஒப்பித்து முடித்தவர் என்னைத் தேடி வந்த காரணத்தைச் சொன்னார். மகள் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாளாம். "நீங்க கொஞ்சம் பார்த்து விடணும் சார்." ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார். செங்கல் கனத்துக்கு ஒரு மெட்டீரியல் கையில். கெட்டிக்காரப் பெண். ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ அமெரிக்காவில் என்ன பெயரில் வந்தது என்று கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள், "‘கிரேட்ஃபுல் டு லைஃப் அண்ட் டெத்’, 1953 ஐயா" என்றாள்.

"சரிம்மா, அதுல என்ன கதை?"

மெட்டீரியலைப் புரட்டினாள். "அது இதுல இல்லீங்களே ஐயா" என்றாள்.

அப்பா பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு நான் கொடுத்த நோட்டு, மகள் கையில் அச்சடித்த புத்தகமாக வந்து நிற்கிறது. நாளைக்கு இந்தப் பெண் ஆசிரியராவாள், அவசியம் ஆவாள். அவள் வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒரு மொட்டைத் தலை உட்கார்ந்திருக்கும். அவள் என்ன செய்வாள்? அடிக்கோடு போடச் சொல்வாளா?

அதனால் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கும், பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆசிரியர் குறிப்புக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். எந்த வருஷம் என்று கேட்காமல், ஒரு பத்தியைக் கொடுத்து இதில் உனக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். திருத்தக் கூடுதல் நேரம் ஆகும், ஆகட்டும், அதற்குத்தான் சம்பளம். ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வையும் அப்படி மாற்றுங்கள். படிக்காதவர்களைப் படித்தவர்களாகக் காட்டும் தேர்வு நமக்கு வேண்டாம். வாரத்தில் ஒரு பீரியடாவது நோட்டும் பேனாவும் இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். பீரோ சாவியை உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். புத்தகம் கிழியும். கிழியட்டும். என் பீரோவில் ஒரு புத்தகம்கூடக் கிழியவில்லை, ஸ்டாக் ரிஜிஸ்டர் முப்பத்தொரு வருஷமும் சரியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் மெட்டீரியலை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, என் பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. "என்ன சார் கதை அது?" என்று கேட்டார்.

சொன்னேன். சுசீலாவின் காய்ச்சல் வந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு லீலாவ யார் சார் பார்த்துக்கிட்டாங்க?" என்றார்.

1988-ல் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்பதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி வரை உட்கார்ந்து அவருக்கு முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். ஒரு வருஷத்தைக்கூடச் சொல்லவில்லை.